ஆறாவது மாடியின் கடைசிப் பாட்டு

‘ஆறாவது மாடி’ என்ற இசைத்தட்டில் ஒன்பது பாட்டுகள் இருக்கின்றன. எட்டில் எந்தக் குறையும் இல்லை. ஒன்பதாவது பாட்டின் முடிவில், வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு பெண் குரல் தனியாக ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நீளமாக நிற்கிறது. நிற்க வேண்டும். ஆனால் அது கொஞ்சம் மேலே ஏறுகிறது, கொஞ்சம் கீழே இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. கேட்பவர்களுக்கு லேசாகத் தலை சுற்றும்.

பாடியவர் என் மனைவியின் சித்தி. எனக்குச் சின்னத்தை. அதே தட்டின் முதல் பக்கத்தில் அவர் இன்னும் இரண்டு பாட்டுகள் பாடியிருக்கிறார். அந்த இரண்டிலும் குரல் ஆணி அடித்தாற்போல் நிற்கிறது. மூன்றையும் ஒரே நாளில், ஒரே அறையில், ஒரே மைக்கின் முன் பாடினாராம். இரண்டு பாட்டில் நின்ற சுருதி மூன்றாவதில் மட்டும் ஏன் ஓடிப்போயிற்று? எத்தனையோ முறை கேட்டும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

நான் பெயிண்ட் கடையில் நிறம் கலக்குகிறவன். கடை நேரம் போக மீதி நேரமெல்லாம் இசைத்தட்டுகளோடுதான். வீட்டில் ஓர் அறை முழுக்க அவைதான் இருக்கின்றன. அந்த அறைக்கு என் மனைவி ‘சக்களத்தி வீடு’ என்று பெயர் வைத்திருக்கிறாள். விருந்தினர் யாராவது என்னைத் தேடினால், “சின்ன வீட்டுல இருக்கார்” என்று சத்தமாகச் சொல்வாள்.

அந்த அறையில் எனக்கு மிகவும் பிடித்தவை என்று கேட்டால் நான் தயங்காமல் எடுத்துக் காட்டக்கூடியவை சில உண்டு. ‘தகரக் கூரை’ என்றொரு தட்டு. மூன்றாவது பாட்டின் நடுவில் உண்மையாகவே மழை பிடித்துக்கொண்டது. வாசிப்பவர்கள் நிறுத்தவில்லை. முரசுக்காரர் கூரையில் விழும் மழைக்கு இடம் விட்டு வாசிக்கத் தொடங்குகிறார். எந்த இடத்தில் அவர் மழையைக் கேட்டார் என்று என்னால் விரல் வைத்துச் சொல்ல முடியும். ‘இரண்டு ஜன்னல்கள்’ என்று இன்னொன்று. இடது ஒலிபெருக்கியில் ஒரு புல்லாங்குழல், வலதில் இன்னொன்று. சரியாக நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் மூன்றாவதாக ஒரு குழல் மூக்குக்கு நேரே கேட்கும். அது யாரும் வாசிக்காத குழல். நம் இரண்டு காதுகளும் சேர்ந்து உண்டாக்குவது. அப்புறம், ஒரு பத்திரிகையோடு இலவசமாகக் கொடுத்த மெல்லிய பிளாஸ்டிக் தட்டு. அப்பளம் மாதிரி நெளியும். மேலே ஒரு நாணயத்தை வைத்து அழுத்தினால்தான் ஓடும். அதில் ஒரே ஒரு பாட்டு. நடுவில் பாடகர் தும்முகிறார், மன்னிப்புக் கேட்கிறார், விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். வேறு எந்த வெளியீட்டிலும் அந்தத் தும்மல் கிடையாது. தும்மல் இல்லாத அந்தப் பாட்டு எனக்கு உப்பில்லாத சோறு.

இவற்றை ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்றால், இவை வேலை செய்யும் விதம் அவ்வளவு எளிமையானது. தட்டில் சுருள் சுருளாக ஒரே ஒரு பள்ளம். பாடும்போது காற்று எப்படி அதிர்ந்ததோ அப்படியே பள்ளத்தின் சுவர் நெளிந்திருக்கும். ஊசி அந்த நெளிவில் ஓடும்போது தானும் நெளிகிறது. அந்த நெளிவைப் பெரிதாக்கினால் குரல். நெளிவுகள் ஊசியை வேகமாகக் கடந்தால் குரல் மேலே போகும், மெதுவாகக் கடந்தால் கீழே வரும். அவ்வளவுதான் சங்கதி. ஒளிப்பதற்கு அதில் இடமே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை ஒலிப்பதிவுக்காரர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பழைய இசைத்தட்டுகளைச் சுத்தம் செய்து மறுபடி வெளியிடுகிற இளைஞர். ‘ஆறாவது மாடி’யின் மூல நாடா ஈரத்தில் கெட்டுப்போய்விட்டதால், நல்ல நிலையில் உள்ள ஒரு தட்டிலிருந்து எடுத்து வெளியிடப் போவதாக முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். நான் என் தட்டின் மாதிரிப் பதிவை அனுப்பியிருந்தேன்.

“சார், நான் பார்த்ததுல உங்க தட்டுதான் ரொம்பச் சுத்தம். ஒரு கீறல் இல்ல.”

“குழந்தை மாதிரி வெச்சிருக்கேன் தம்பி.”

“வெள்ளிக்கிழமை வந்து முழுசா எடுத்துக்கறேன். ஆனா கடைசிப் பாட்டை மட்டும் விட்டுடலாம்னு இருக்கோம். அந்த அம்மா குரல் ரொம்ப அலையுது. மத்த பாட்டு எல்லாத்துக்கும் அது கெட்ட பேர் வாங்கித் தரும்.”

அந்த அம்மா என் உறவு என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வரை பொறுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

சின்னத்தை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். அறுபது தாண்டியும் தினமும் நாலைந்து பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுத் தருகிறார். எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதும், யாராவது தேநீர்க் கோப்பையை வேகமாக வைத்தால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அன்று மாலை பள்ளி வண்டியை எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“நல்ல பையன். காது இருக்கு அவனுக்கு. விட்டுடச் சொல்லுங்க” என்றார்.

என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன சித்தி இது! நீ பாடின பாட்டு. போராட வேண்டாமா?”

“எதுக்குடி போராடணும்? எனக்குச் சுருதி நிக்கலை. ஊரே கேட்டாச்சு.”

அந்தக் கதை எங்களுக்குத் தெரியும். ஆறு நண்பர்கள் ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் வாடகை அறையில் கூடிப் பாடிக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் எப்போதும் பழுது. வாத்தியங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். கையில் இருந்ததை எல்லாம் போட்டு ஒரே ஒரு தட்டு வெளியிட்டார்கள். தட்டு கைக்கு வந்த அன்று எல்லோரும் கூடிக் கேட்டார்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும் கிட்டார்காரர் சிரித்துவிட்டார். அடுத்த நிகழ்ச்சிக்கு வேறொரு பெண்ணைப் பாட அழைத்தார்கள். சின்னத்தை அதன் பிறகு பாடவே இல்லை. குளியலறையில்கூட இல்லை என்பாள் என் மனைவி.

“பாடி முடிச்ச அன்னிக்கு என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“அன்னிக்குக் கை தட்டினாங்க. இன்னொரு தடவை பாடுன்னு யாரும் கேக்கலை. எனக்கும் நல்லா நின்ன மாதிரிதான் இருந்தது. ஆனா நமக்கு அப்படித் தோணுறதுல என்ன இருக்கு? தட்டு பொய் சொல்லாது மாப்பிள்ளை.”

இப்படிச் சொன்னபோது அவர் முகத்தில் வருத்தம் ஏதும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தன் நினைவைவிட ஒரு பிளாஸ்டிக் வட்டத்தை அதிகம் நம்பி இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்.

தட்டுப் பிரியர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தட்டில் குறை கேட்டால், அதே தட்டின் இன்னொரு பிரதியைத் தேடிக் கேட்போம். அதில் குறை இல்லையென்றால் நம் தட்டு பழுது. அதிலும் இருந்தால் பாடினவர் பழுது. இந்தச் சட்டத்தை நாங்கள் யாரும் கேள்வி கேட்டதில்லை. நகரத்தில் ‘ஆறாவது மாடி’ வைத்திருக்கிற இன்னொருவர் என் நண்பர். அவரை நாங்கள் ‘தூசி’ என்று கூப்பிடுவோம். யார் வீட்டுக்குப் போனாலும் வணக்கம் சொல்வதற்கு முன் அங்கிருக்கும் தட்டுகளின் மேல் ஊதுவார்.

மறுநாள் காலை தூசி தன் பிரதியைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டோம். இரண்டிலும் அதே ஏற்றம், அதே இறக்கம்.

“ரெண்டு சாட்சியும் ஒரே மாதிரி சொல்லுது. கேஸ் முடிஞ்சுது. உங்க சின்ன மாமியார்தான் குற்றவாளி” என்றார் தூசி.

“கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. பக்கத்து அறையில என் மனைவி கையில கரண்டி இருக்கு.”

நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.

பதினோரு மணி வாக்கில் ஒரு வாடிக்கையாளர் இரண்டு பெயிண்ட் டப்பாக்களோடு வந்து மேசையில் டங் டங் என்று வைத்தார். கேட்ட நிறம் வரவில்லையாம். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: இரண்டு டப்பாவையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், இரண்டும் ஒரே நிறம், ஆகவே கலவையில் பிழை இல்லை, உங்கள் சுவரில்தான் ஏதோ ஈரம்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஒரு டப்பா மட்டும் தப்பா இருந்தா டப்பா தப்பு. ரெண்டும் ஒரே மாதிரி தப்பா இருந்தா கலக்கினவர் தப்புங்க. ரெண்டும் ஒரே தொட்டியில இருந்துதானே வந்தது?”

நான் அவருக்குப் புதிய டப்பாக்களைக் கலந்து கொடுத்தேன். கொடுக்கும்போது அவர் சொன்னதையே வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு நான் பயந்துவிட்டதாகத் தோன்றியிருக்கும்.

இசைத்தட்டு எப்படிச் செய்யப்படுகிறது தெரியுமா? சூடான பிளாஸ்டிக் உருண்டையை இரண்டு உலோக அச்சுகளுக்கு நடுவில் வைத்து அழுத்துவார்கள். மேல் அச்சு ஒரு பக்கத்துக்கு, கீழ் அச்சு மறுபக்கத்துக்கு. ஒரே ஜோடி அச்சிலிருந்து நூற்றுக்கணக்கில் தட்டுகள் வரும். அச்சில் ஒரு கோளாறு இருந்தால் அத்தனை தட்டிலும் அதே கோளாறு அப்படியே இருக்கும். என் தட்டும் தூசியின் தட்டும் இரண்டு சாட்சிகள் இல்லை. ஒரே சாட்சி இரண்டு முறை பேசியிருக்கிறது. அது மட்டுமில்லை. முதல் பக்கத்துக்கும் இரண்டாம் பக்கத்துக்கும் அச்சு வேறு. முதல் பக்கம் சுத்தமாக இருந்து இரண்டாம் பக்கம் மட்டும் கெட முடியும்!

ஆனால் ஓர் உலோக அச்சு ஒரு மனுஷியின் சுருதியை எப்படிக் கலைக்க முடியும்? அதுதான் பிடிபடவில்லை. வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், “உன் சித்தியைக் கூப்பிடு. அவங்க கேக்கணும்” என்றேன்.

“அது இந்த ஜென்மத்துல நடக்காது. அந்தத் தட்டைக் கண்டாலே எழுந்து போயிடுவா.”

“வண்டியில ஏதோ சத்தம் வருதுன்னு சொல்லு.”

அப்படியே சொல்லி வரவழைத்தாள். வண்டியில் சத்தமே இல்லை என்று தெரிந்ததும் சின்னத்தை எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டினார். ஆனால் வந்தது வந்துவிட்டார், நான் கெஞ்சவும் கெஞ்சினேன். “ஒரே தடவை. அதுக்கப்புறம் இந்த வீட்டுல அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

‘விரல் நுனி வெயில்’ என்பது அந்தப் பாட்டின் பெயர். கிட்டார் ஓய்ந்தது. இருபத்து மூன்று வயதுச் சின்னத்தையின் குரல் தனியாக நின்றது, அலைந்தது. குரல் கீழே சரிந்தபோதெல்லாம் எதிரில் இருந்த சின்னத்தையின் ஆட்காட்டி விரல் தன்னையறியாமல் கீழே மடங்கியது. “இங்க விழுது… இங்க… மறுபடி இங்க…”

நான் விரலையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தட்டின் நடுக் காகிதத்தில், முன்பு யாரோ ஒட்டிய சீட்டைக் கிழித்த வெள்ளைத் தழும்பு ஒன்று உண்டு. விரல் மடங்கியபோது தழும்பு ஊசியின் பக்கம் வந்தது. அடுத்த முறை மடங்கியபோதும் தழும்பு அங்கேதான் இருந்தது. அதற்கடுத்த முறையும்.

“சின்னத்தை! தட்டு ஒரு சுத்து சுத்தறதுக்கு ஒரு தடவைதான் விழுது. சரியா ஒரே இடத்துல!”

“அதனால?”

“மனுஷக் குரல் சுருதி விலகினா கண்டபடி விலகும். கடிகாரம் பார்த்து விலகுமா?”

அவர் கண்ணைத் திறந்தார். ஊசியைத் தாங்கி நிற்கும் நீண்ட கையைப் பார்த்தார். அது மெல்ல இடமும் வலமும் போய்வந்துகொண்டிருந்தது. நானும் இத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். பழைய தட்டு, கொஞ்சம் ஆடத்தானே செய்யும் என்று விட்டிருக்கிறேன்.

“இது என்ன, வைப்பர் மாதிரி ஆடுது?” என்றார் சின்னத்தை.

தட்டைத் திருப்பி முதல் பக்கத்தைப் போட்டேன். கை ஆடாமல் நேராக உள்நோக்கி நகர்ந்தது. மறுபடி இரண்டாம் பக்கம். ஆடியது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

நடந்தது இதுதான். இரண்டாம் பக்கத்தின் அச்சைப் பொருத்தும்போது சற்றே தள்ளிப் பொருத்திவிட்டார்கள். அதனால் அந்தப் பக்கத்துப் பள்ளங்களின் மையம் வேறு, தட்டின் துளை வேறு. ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். அச்சாணி நடுவில் இல்லாத சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றும்போது ஊசி இருக்கும் இடம் ஒரு சமயம் துளைக்குள் நிற்கும் நடுக்கம்பியிலிருந்து தள்ளிப்போகிறது, ஒரு சமயம் நெருங்கி வருகிறது. தள்ளிப்போகும்போது பள்ளம் வேகமாகக் கடக்கிறது, குரல் ஏறுகிறது. நெருங்கும்போது மெதுவாகக் கடக்கிறது, குரல் இறங்குகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் ஏற்றம், ஓர் இறக்கம்.

“அப்ப அந்தப் பக்கத்துல இருக்கற மத்த பாட்டெல்லாம்?” என்றாள் என் மனைவி. நல்ல கேள்வி.

“அதுலயும் ஆடுது. ஆனா முதல் பாட்டு தட்டோட வெளி ஓரத்துல பெரிய வட்டத்துல இருக்கு. பெரிய வட்டத்துல ஒரு மில்லிமீட்டர் ஒண்ணுமே இல்ல. கடைசிப் பாட்டு உள்ள, சின்ன வட்டத்துல. அங்க அதே ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மடங்குக்கு மேல காட்டும்.”

“சின்ன வட்டத்துல வண்டியைத் திருப்பினா ஸ்டியரிங் தப்பு பெருசாத் தெரியற மாதிரி” என்றார் சின்னத்தை மெதுவாக.

“அதேதான். கிட்டார் தந்தியைத் தட்டினா சத்தம் சட்டுனு தேய்ஞ்சிடும். ஆடுறது காதுக்குப் பிடிபடாது. நீளமா, தனியா நின்னது நீங்க ஒருத்தர்தான். நின்னதாலதான் மாட்டிக்கிட்டீங்க.”

அவருடைய வலது கால் தரையை ஒரு முறை அழுத்தியது.

“அப்ப அன்னிக்கு நான்…”

“நீங்க நேராத்தான் நின்னீங்க சின்னத்தை. தட்டுதான் ஆடியிருக்கு.”

“விளக்கம் நல்லா இருக்கு மாப்பிள்ளை. ஆனா பாடம் படிச்சு யாரும் லைசென்ஸ் வாங்கினதில்ல. ஓட்டிக் காட்டணும். அந்தக் குரல் நேரா நிக்கிறதை நான் காதால கேக்கணும்.”

நியாயம்தான். உடனே ஒலிப்பதிவுக்காரரை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உற்சாகமாகிவிட்டார். கணினியில் ஒரு செயலி இருக்கிறதாம், குரலை இழுத்து நேராக்கிவிடுமாம். தொலைபேசியைச் சின்னத்தை என் கையிலிருந்து வாங்கினார்.

“தம்பி, நான்தான் அந்த அலையற குரல்.”

“ஐயோ, அம்மா… நான்…” என்றார் மறுமுனையில்.

“பயப்படாதீங்க. கம்ப்யூட்டர்ல நேராக்கினா அது கம்ப்யூட்டர் பாடினது. நான் பிரேக்கை மிதிச்சுட்டு, கத்துக்க வந்தவன் நிறுத்தினான்னு சொல்ற மாதிரி. சுருதி போனவளை மெஷின் காப்பாத்திச்சுன்னுதான் பேசுவாங்க. எனக்கு அது வேணாம்.”

“சரிங்கம்மா. வெள்ளிக்கிழமை நான் வரும்போது, கம்ப்யூட்டர் இல்லாம தட்டுலேர்ந்தே நேரா வந்தா, பாட்டு உள்ள இருக்கும். இல்லைன்னா என்னால எதுவும் பண்ண முடியாது. மன்னிச்சிடுங்க.”

ஆக, மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் எங்களுக்கு இருந்தன.

தூசியை வரவழைத்தேன். “துளையை அரத்தால ராவிப் பெருசாக்கணும். அப்புறம் தட்டை இஷ்டத்துக்கு நகர்த்தலாம்” என்றார். சொல்லும்போதே தன் பிரதியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“உங்களோடதை ராவலாமா?”

“என் விரலை ராவுங்க, தரேன்.”

அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. தெரிந்து மிஞ்சியிருப்பவை மிகக் குறைவு. அதில் அரத்தை வைக்க எந்தத் தட்டுப் பிரியனுக்கும் மனம் வராது. இருவரும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து சுழலும் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் மனைவி துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

“துளை தப்பான இடத்துல இருக்கு. அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான்.”

“துளையில கம்பி நுழையறதாலதானே தட்டு அங்க போய் உக்காருது?”

“ஆமா.”

“அப்ப தட்டை ஏன் தொடறீங்க? கம்பியை வெட்டிடுங்க.”

தூசி தன் பிரதியைக் கீழே வைத்தார். நான் என் மனைவியைப் பார்த்தேன். பிறகு என் இசைத்தட்டு இயந்திரத்தைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன் வாங்கியது. அதன் நடுவில் பளபளவென்று நின்ற அந்தச் சிறு எஃகுக் கம்பியில்தான் நான் இதுவரை கேட்ட ஒவ்வொரு தட்டும் மாட்டியிருக்கிறது. தட்டைத் துடைப்போம், ஊசியைத் துடைப்போம், துளையைத் திட்டுவோம். கம்பியை எங்களில் ஒருவரும் நினைத்ததே இல்லை. அது மலை மாதிரி, நதி மாதிரி, இருப்பது.

“வெட்டினா தட்டு வழுக்கிப் போகாதா?” என்றார் தூசி.

“கீழ ரப்பர் விரிப்பு இருக்கு. தட்டோட எடையே பிடிச்சுக்கும். ஊசியோட உரசல் ரொம்பக் கொஞ்சம்” என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே சிரிப்பு வந்தது.

“இத்தனை வருஷம் காத்திருந்தேன்” என்றாள் மனைவி. “சக்களத்தி மூக்கை நான்தான் அறுப்பேன்.”

சுழலும் மேடையைக் கம்பியோடு கழற்றினேன். உலோகத் தூள் இயந்திரத்துக்குள் விழக் கூடாது. கழற்றியதைத் துணியில் சுற்றிச் சமையலறைப் பலகையோரம் இறுக்கிப் பிடித்தேன். ரம்பத்தை மனைவிதான் இழுத்தாள். தூசி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கம்பி விழுந்த சத்தம் சின்னதுதான். பிறகு நான் அரத்தால் தேய்த்து, மேடையின் மட்டத்துக்கு வழவழப்பாக்கி, துடைத்து, மறுபடி மாட்டினேன்.

வியாழக்கிழமை மாலை சின்னத்தை வகுப்புகளை முடித்துக்கொண்டு வந்தார். ‘ஆறாவது மாடி’யைக் கண்மதிப்பாக நடுவில் வைத்துச் சுற்றவிட்டேன். முதல் முறை கை தாறுமாறாக ஆடியது. குரல் கடலில் போகும் படகு மாதிரி ஏறி இறங்கியது.

“முன்னையே தேவலாம்” என்றார் சின்னத்தை.

நிறுத்தினேன், நகர்த்தினேன், சுற்றவிட்டேன். கொஞ்சம் குறைந்தது. மறுபடி நகர்த்தினேன், அதிகமாகிவிட்டது. என் விரல் தடிமன். சின்னத்தைக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“தள்ளுங்க மாப்பிள்ளை. கிளட்சை இப்படியா விடுவாங்க? முடி அளவு, முடி அளவு.”

அவரே மேடையின் முன் வந்து உட்கார்ந்தார். ஆடும் கையைப் பார்த்தார், நிறுத்தினார், ஊசியைத் தூக்கினார், ஓரத்தை நகக்கண்ணால் தொட்டார். அவ்வளவு மென்மையாகத் தொட்டதில் தட்டு நகர்ந்ததா என்றே எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மறுபடி தொட்டார். ஒவ்வொரு முறையும் அந்த ஏற்ற இறக்கம் சிறுத்துக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் கை ஆடுவது நின்றுவிட்டது. கிட்டார் ஓய்ந்தது. குரல் எழுந்தது.

நின்றது.

இழுத்துக் கட்டிய கம்பி போல, மூச்சு முடியும் வரை, ஓர் இழை விலகாமல் நின்றது. முடிவில் மெல்லிய ஒரு நடுக்கம் வந்தது. அது அவரே வேண்டுமென்றே வைத்தது. இத்தனை காலம் தட்டின் ஆட்டத்தில் அது யாருக்கும் கேட்டதே இல்லை.

என் மனைவி துணிக் கூடையோடு வாசற்படியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். சின்னத்தை அழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, தன் குரல் நின்ற அதே ஸ்வரத்தை வாய் திறந்து பிடித்தார். குரல் தடித்திருந்தது, கரகரத்தது. ஆனால் சுருதி அங்கேயே இருந்தது. இருபத்து மூன்று வயதில் விட்ட இடத்திலேயே.

“இன்னொரு தடவை போடுங்க” என்றார். அன்று அந்தப் பாட்டை எத்தனை தடவை போட்டோம் என்று கேட்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஒலிப்பதிவுக்காரர் பெட்டியோடு வந்தார். தூசி முன்கூட்டியே வந்து எல்லாவற்றின் மேலும் ஊதி முடித்திருந்தார். இளைஞர் இயந்திரத்தைப் பார்த்ததும் திடுக்கிட்டார்.

“சார், நடுவுல கம்பி எங்க?”

“மூக்கை அறுத்தாச்சு” என்றாள் என் மனைவி.

சின்னத்தை தட்டை வைத்து நடுப்படுத்தினார். நான் கம்பிவடங்களை இளைஞரின் பெட்டியில் செருகினேன். அவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் ஓடிய கோட்டில் கண் வைத்தார். பாட்டு முடியும் இடம் வந்தது. திரையில் சுருதியைக் காட்டும் கோடு அளவுகோல் வைத்து இழுத்தாற்போலப் போனது. அவர் ஹெட்போனைக் கழற்றினார். எழுந்து நின்றார்.

“அம்மா, இதைக் கடைசிப் பாட்டா வெச்சது யாரு?”

“கிட்டார் வாசிச்சவர். ஏன்?”

“ரொம்பச் சரியா வெச்சிருக்கார். இதுக்கப்புறம் வேற எந்தப் பாட்டையும் போட முடியாது. இது உள்ள இருக்கு. இந்தப் பக்கம் முழுக்க இப்படியே மறுபடி எடுத்துக்கறேன்.”

“கிட்டார்காரருக்கு முதல் பிரதியை நான் என் கையால கொண்டுபோய்க் கொடுப்பேன்” என்றார் சின்னத்தை. “வண்டியிலேயே வெச்சு, ஜன்னலை ஏத்திவிட்டு, முழுசா கேக்கவிட்டுத்தான் கதவைத் திறப்பேன்.”

இளைஞர் சிரித்தார். பிறகு இயந்திரத்தின் அருகே மண்டியிட்டு உட்கார்ந்து, மொட்டையாக இருந்த மேடையைத் தடவிப் பார்த்தார். “என்கிட்ட இதே மாதிரி ஆடுற தட்டு நிறைய இருக்கும்மா. எல்லாத்தையும் பாடினவங்க தப்புன்னு ஒதுக்கி வெச்சிருக்கேன். எப்படிப் பண்ணீங்கன்னு சொல்லுங்க.”

நான் விளக்க வாயைத் திறந்தேன். சின்னத்தை கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

“ஒண்ணுமில்ல தம்பி. நடுக்கம்பியை மேடை மட்டத்துக்கு வெட்டிடுங்க. தட்டைக் கண்மதிப்பா நடுவுல வெச்சு, ஊசியைக் கடைசிப் பாட்டுல இறக்குங்க. கை ஆடுதான்னு பாருங்க. அது எங்க ரொம்ப வெளிய வருதோ அங்க நிறுத்தி, ஊசியைத் தூக்கிட்டு, ஊசி இருந்த பக்கத்து ஓரத்தை உள்பக்கமா, அந்த ஆட்டத்துல பாதி அளவு தள்ளுங்க. மறுபடி சுத்தவிட்டுப் பாருங்க. ஆடினா மறுபடி தள்ளுங்க. கை ஆடாம இருந்தா தட்டு நடுவுல இருக்கு.”